அத்தி மரமும் வாத்துப்பாசியும்: அவற்றின் குணபேதங்களும் பராமரிப்பும்

சென்னை நகருக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் ஊர்களைச் சூழ்ந்துள்ள பிரதேசம் பண்டுதொட்டு ஏரிப்பாசனத்தை நம்பி வந்ததாகும். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரி, இவையனைத்தினும் பெரிய செம்பரம்பாக்கம் ஏரி ஆகியவை இப்பிரதேசத்தில் உள்ளன. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை ஏற்பட்டது முதற்கொண்டு ஆயக்கட்டு நிலங்களிற் பெரும்பகுதி மனைகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறி வந்துள்ளது. எனினும் திருநின்றவூர், திருமழிசை முதலிய பக்கங்களில் நெல்லும் கீரையும் மலரும் பயிரிடுவோரும், கறவை மாடு வைத்துச் ஜீவிப்போரும் இன்றும் உளர்.

இவ்வேரிகளின் ஓரத்தில் நிற்கும் அத்தி மரத்தையும், நீரின்மேல் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் படரும் சிறு பாசியையும் காணாதவர் இல்லை. ஆயினும் இவ்விரண்டையும் பயிர் என்று எண்ணுபவர் மிகச் சிலரே. ஒருவரும் விதைத்ததில்லை, ஒருவரும் நீர் பாய்ச்சியதில்லை. தாமே வந்தன, தாமே வளர்கின்றன என்பதே பொது அபிப்பிராயம். அதன் பயனாக, நடத் தகாத இடத்தில் முளைத்த மரம் மதகைப் பிளக்கிறது. அள்ளத் தகுந்த காலத்தில் அள்ளாத பாசி அழுகி மீனைக் கொல்கிறது. கோடையில் மாட்டுக்குப் பசுந்தழை கிடையாத காலத்தில் பக்கத்திலேயே உள்ள இரண்டு தீவனங்கள் வீணாகின்றன. சில இடங்களில், அள்ளவே கூடாத நீரிலிருந்து பாசியை அள்ளி வாத்துக்குப் போடும் விபரீதமும் நேரக்கூடும். ஆகவே இவ்விரண்டின் சுபாவங்களையும் ஒருங்கே வைத்து ஆராய்வது குடியானவர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் உபயோகமாகும்.

ஒன்று நூறாண்டு நிற்கக்கூடிய மரம். மற்றொன்று சில வாரங்களே உயிர்வாழும் இலைத்துணுக்கு. இவ்விரண்டையும் ஒப்பிடுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் பராமரிப்பு என்னும் விஷயத்தில் இவை நேர் எதிரானவையாதலால், ஒன்றின் பக்கத்தில் மற்றொன்றை வைத்துப் பார்க்கும்போது இரண்டும் தெளிவாக விளங்கும். அத்தியைப் பற்றிய காரியம் பெரும்பாலும் நடும் இடத்தைத் தீர்மானிக்கும் நாளிலேயே முடிந்துவிடுகிறது. பாசியைப் பற்றிய காரியம் ஒருநாளும் முடிவதில்லை.

இனமும் பெயரும்

அத்தி என்ற பொதுப்பெயரால் வழங்கும் மரங்களில் இங்கே கருதத்தக்கவை மூன்று. ஆற்றோரங்களிலும் ஏரியோரங்களிலும் பருத்து வளர்ந்து, அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் கொத்துக்கொத்தாய்க் காய்ப்பது நாட்டத்தி. தாவர நூலார் இதனை ஃபைகஸ் ரேஸிமோஸா என்பர். இலை சொரசொரப்பாக இருந்து, குட்டையாக வளர்வது பேயத்தி. கடைகளில் உலர்ந்த பழமாக விற்பது சீமை அத்தி. அதன் தாவரப் பெயர் ஃபைகஸ் காரிகா. ஆல், அரசு, இத்தி ஆகியவையும் இவற்றோடு ஒரே இனத்தைச் சேர்ந்தவை. எல்லாவற்றிலும் கீறினால் பால் வடியும். பலாவும், பட்டுப்பூச்சிக்கு இலை தரும் முசுக்கட்டையும் இவற்றின் தாயாதிகள். அம்பத்தூரை அடுத்துள்ள அத்திப்பட்டு என்னும் ஊர்ப்பெயரிலும் இம்மரத்தின் பெயரே முன்நிற்கக் காணலாம்.

பாசியைப் பற்றிப் பெயர்க் குழப்பம் அதிகம். நீரில் பச்சையாகக் காணும் அனைத்தையும் பாசி என்று சொல்லிவிடுவது வழக்கம். இங்கே கூறப்படுவது வாத்துகள் விரும்பி உண்ணும், மிளகளவும் அதற்குக் குறைந்தும் உள்ள தட்டையான இலைகளாக மிதக்கும் பூண்டு. இதனை வாத்துப்பாசி என்று இக்கட்டுரையில் வழங்குவோம். உண்மையில் இது பாசியே அன்று. நூல்நூலாய்ப் படியும் இழைப்பாசி வேறு. தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துத் தரும் அசோலா வேறு. அசோலா பூவாத பெரணி வகையைச் சேர்ந்தது. வாத்துப்பாசியோ பூக்கும் தாவரம். தற்காலத் தாவர நூலார் இதனைச் சேம்பு, சேனை ஆகியவற்றின் குடும்பத்திலேயே சேர்த்துள்ளனர். ஓர் இலைக்கு ஒரே வேர் தொங்குவது லெம்னா. பல வேர்கள் தொங்கி, இலையின் அடிப்புறம் செந்நீலமாக இருப்பது ஸ்பைரோடெலா. வேரே இல்லாமல் ரவை போலிருப்பது உல்ஃபியா. உல்ஃபியாவின் உடல் ஒரு மில்லிமீட்டருக்கும் உட்பட்டது. உலகிலுள்ள பூக்கும் தாவரங்களில் மிகச் சிறியது இதுவே.

காணாத பூக்கள்

அரிதாக நிகழ்வதை அத்தி பூத்தாற்போல் என்று சொல்லுகிறோம். அத்தி அரிதாகப் பூப்பதில்லை. ஒவ்வொரு காயும் பூக்கள் நிறைந்த பையேயாகும். பூக்கள் உட்புறம் நோக்கி இருத்தலால் கண்ணுக்குத் தெரிவதில்லை. காயின் நுனியில் சிறு கண் ஒன்று உண்டு. அதன் வழியாகக் குளவியினத்தைச் சேர்ந்த மிகச் சிறிய பூச்சியொன்று, சிறகுகள் ஒடிய ஒடிய உள்ளே நுழைகிறது. அது தான் கொணர்ந்த மகரந்தத்தைப் பூக்களின்மேல் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு அங்கேயே மாள்கிறது. அம்முட்டைகளிலிருந்து முதலில் ஆண்பூச்சிகள் வெளிப்படுகின்றன. அவற்றுக்குச் சிறகில்லை, பெண்பூச்சிகளோடு கூடியபின் காயின் சுவரைக் குடைந்து வழி செய்துவிட்டு அவை இறந்துபடும். பெண்பூச்சிகள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அவ்வழியே வெளியேறி வேறொரு மரத்தின் இளங்காயைத் தேடிச் செல்கின்றன. அவற்றின் ஆயுள் ஓரிரு நாள் மட்டுமே.

அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு என்று பழமொழி கூறுவதன் காரணம் இதுவே. இப்பூச்சிகள் பழத்தைக் கெடுக்க வந்தவையல்ல. இவை நுழையாத நாட்டத்திக் காய் பழுக்காமலேயே உதிர்ந்துபோகும். இதில் குடியானவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஓரிரு நாளே உயிர்வாழும் பூச்சிக்குச் சுற்றுவட்டாரத்தில் ஏதேனும் ஒரு மரமாவது எக்காலத்தும் காய்த்த நிலையில் இருத்தல் வேண்டும். பல மரங்கள் உள்ள ஊரில் ஒன்று மாற்றி ஒன்று காய்ப்பதால் இது எளிதில் நிறைவேறுகிறது. மரங்களை ஒவ்வொன்றாக வெட்டிவந்தால், எஞ்சிய மரம் திடமாயிருந்தும் காய் உதிர்க்கத் தொடங்கும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தார் துருக்கி நாட்டின் உயர்ந்த சீமை அத்தியைக் கொணர்ந்து நட்டும் பல்லாண்டுகள் காய்கள் உதிர்ந்து ஏமாந்தனர். 1899-ஆம் ஆண்டில் அம்மரத்துக்குரிய பூச்சி அங்கே நிலைபெற்ற பின்னரே பழம் நின்றது. பூனாப் பக்கத்தில் பயிராகும் சீமை அத்தி வகைகள் பூச்சியின் உதவியின்றியே பழுக்கும் தன்மையுடையன.

வாத்துப்பாசியின் பூவைக் காண்பது இன்னும் அரிது. பூப்பினும் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டே பார்க்க வேண்டும். அது பெருகுவது விதையால் அன்று. தாயிலையின் ஓரத்தில் ஒரு மடிப்பு உண்டு. அதனுள்ளிருந்து சேயிலை அரும்பிப் பிரிகிறது. அச்சேயும் ஓரிரு நாளில் தாயாகிறது. எருச்சத்து நிறைந்த வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இருமடங்காகும். மூன்று நாளுக்கு இருமடங்கு எனக் கொண்டால், ஒரு கிலோ பாசி 30 நாளில் 1,024 கிலோவாகும். சதுர மீட்டருக்கு அரைக் கிலோ வீதம் அது ஏறக்குறைய அரை ஏக்கர் நீர்ப்பரப்பை மூடும். நடைமுறையில் இக்கணக்கு முற்றும் பலிப்பதில்லை. இடம் நெருங்கியதும் இலைமேல் இலை ஏறி, அடியிலுள்ளது வெளிச்சமின்றி வெளுத்து அழுகும், பெருக்கம் நின்றுவிடும். பாசிப் பராமரிப்பின் சாரம் முழுவதும் இந்த ஓர் உண்மையில் அடங்கும்.

நாட்டத்தியை நடும் விதம்

நாட்டத்தி ஈரத்தை நாடும் மரம். வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீரைக் காட்டும் மரங்களுள் அத்தியையும் கூறியுள்ளார். மரம் நிற்குமிடத்தில் மேல்மட்ட ஈரம் உண்டென்று கொள்ளலாமே யன்றி, அதனை நம்பி ஆழ்துளைக் கிணறு தோண்டிப் பணத்தை இழத்தல் தகாது.

விதையிலிருந்தும் போத்திலிருந்தும் மரத்தை உண்டாக்கலாம். பழுத்த கனியைப் பிசைந்து, நீரில் அலசி, அடியில் தங்கும் நுண்ணிய விதைகளை மணலுடன் கலந்து தொட்டியில் தூவி, மேலே மண் மூடாமல் பூவாளியால் நீர் தெளித்து வரவேண்டும். கட்டைவிரற் பருமனுள்ள போத்துகளை மழைக்காலத்துக்குச் சற்று முன்னர் நடுவது விரைவான வழி. இரண்டடி கனசதுரக் குழியில் மேல்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் நாற்றை வைத்துவிட்டால் வேரூன்றிவிடும். முதல் இரண்டு கோடைகளிலும் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுவதும், ஆடு கடிக்காமல் முள்வேலி கட்டுவதும் இன்றியமையாதவை. அதன்பின் மரத்தைத் தேடிப்போய்ச் செய்ய வேண்டிய வேலை அதிகமில்லை.

ஆனால் இடத்தைப் பற்றி எத்தனை எச்சரிக்கை கூறினும் மிகையாகாது. ஏரிக்கரை மண்ணால் ஆனது. கரையின் மேலே மரம் நட்டால், உயிரோடு உள்ளவரை வேர் மண்ணைப் பிடிக்கும் என்பது மெய்யே. மரம் பட்டுப்போனபின்போ வெட்டப்பட்டபின்போ, அந்த வேர்கள் உளுத்து, கரையின் குறுக்கே குழாய்களைப் போன்ற துவாரங்களை விட்டுச் செல்லும். நீர் நிறைந்த ஆண்டில் அவ்வழியே கசிவு தொடங்கி உடைப்பாக முடியலாம். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாத வெள்ளத்தைக் கண்ட இப்பிரதேசத்தார்க்கு ஏரி நிறைந்த இரவு எத்தகையது என்று எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எனவே கரையின் உச்சியிலும் சரிவிலும் அத்தியை நடலாகாது. கரையின் வெளி அடியிலிருந்து நன்கு விலகி, மதகு, கலங்கல், கிணறு, வீட்டுச்சுவர் ஆகிய கட்டடங்களிலிருந்து குறைந்தது 30 அடி தள்ளி நடுவதே சிலாக்கியம். வரத்துக்கால்வாயின் மேட்டோரமும், தரிசாய்க் கிடக்கும் தாழ்ந்த நிலமும் இதற்கு ஏற்ற இடங்கள்.

தானாக முளைப்பவற்றில் ஆலும் அரசும் அத்தியைக் காட்டிலும் கெடுதி செய்வன. பறவை எச்சத்தோடு விழுந்த விதை மதகின் சுண்ணாம்புச் சந்தில் முளைக்கிறது. விரலளவு உள்ளபோது கையாற் பிடுங்கிவிடலாம். பேனாப் பருமன் ஆனபின் மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோ உள்ளே சென்று கல்லைக் கல்லினின்றும் பிரிக்கும். ஆண்டுதோறும் ஆடி ஆவணியில், ஏரி வற்றியிருக்கும்போது, மதகையும் கலங்கலையும் சுற்றிப் பார்த்து இக்கன்றுகளைக் களைவது ஓர் ஆளின் அரைநாள் வேலை. அதனைப் பத்தாண்டு தள்ளிப்போட்டால், மதகையே பிரித்துக் கட்ட வேண்டிய செலவில் முடியும்.

அத்தித்தழை மாட்டுக்கும் ஆட்டுக்கும் நல்ல தீவனம். கோடையில் கிளைகளில் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேற்படாமல் கழித்தால் மரம் நலிவதில்லை. தழையில் கொப்புளம் கொப்புளமாகக் காணப்படுவது ஒரு சிறு சாறுறிஞ்சிப் பூச்சியின் வேலை. இலை பார்வைக்கு அவலட்சணமாயினும் மரத்துக்குப் பெருங்கேடில்லை. மருந்து தெளிப்பது வீண் செலவு. மரத்தடியில் மரத்தூள் கொட்டிக்கிடந்தால் மட்டும் அலட்சியம் கூடாது. மாமரத்தையும் தாக்கும் நீண்ட கொம்புடைய வண்டின் புழு தண்டைக் குடைகிறது என்பதற்கு அது அறிகுறி. துவாரத்தில் கம்பியைச் செலுத்திப் புழுவைக் குத்தியெடுத்து, களிமண்ணால் அடைத்துவிட வேண்டும்.

அத்திக்கட்டை வெளியில் கிடந்தால் விரைவில் உளுத்துப்போகும். நீருக்குள் நெடுநாள் கெடாது என்பர். கிணற்றின் அடியில் வைக்கும் வளையத்துக்கு முன்னோர் இதனைக் கொண்டனர். காஞ்சீபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அனந்தசரஸ் புஷ்கரணியின் நீருக்கடியில் வைக்கப்பட்டு, 1939, 1979, 2019 என நாற்பதாண்டுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளும் அத்திவரதர் திருமேனி இம்மரத்தால் ஆனதென்பது யாவரும் அறிந்ததே.

சீமை அத்தி

பூனாவை அடுத்த புரந்தர் தாலூகாவிலும், கர்நாடகத்தில் பெல்லாரிப் பக்கத்திலும் சீமை அத்தி இலாபகரமாகப் பயிராவதைக் கேட்டு, பூவிருந்தவல்லிப் பக்கத்திலும் சிலர் அதனை ஏக்கர்க் கணக்கில் வைக்க விரும்பலாம். அவ்விரு இடங்களிலும் பழம் முற்றும் பருவத்தில் வானம் வறண்டிருக்கும். இங்கோ ஐப்பசி, கார்த்திகை மழையில் இலையில் துருநோய் பற்றி இலை முழுதும் கொட்டும். பழம் வெடித்துப் புளிக்கும். ஆகவே கொல்லையில் நாலைந்து செடி வைப்பது பொருந்தும். பெருஞ்சாகுபடி இப்பகுதிக்கு உசிதமாகத் தோன்றவில்லை.

வைப்பவர்கள் ஓராண்டு முற்றிய கிளையிலிருந்து எட்டு முதல் பன்னிரண்டு அங்குல நீளப் போத்துகளை எடுத்து, நீர் தேங்காத மேட்டுப் பாத்தியில் வேர்விடச் செய்து, பதினைந்தடி இடைவெளியில் நடலாம். இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே காய் காணும். புதுத்துளிரில்தான் காய் பிடிக்குமாதலால் ஆண்டுக்கொருமுறை கவாத்து செய்ய வேண்டும். மழை ஓய்ந்த தை மாதத்தில் செய்தால் பங்குனி, சித்திரை வறட்சியில் காய் முற்றும். உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிப்பதும், ஒரு சத போர்டோ கலவை தெளிப்பதும் துருநோயைக் குறைக்கும். மணற்பாங்கான நிலத்தில் வேர்முடிச்சு நூற்புழுவும் உண்டு. பால் பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் எழும். பறிப்போர் கையுறை அணிதல் நலம்.

வாத்துப்பாசியை வளர்த்தல்

அத்தியைப் போலன்றி, வாத்துப்பாசிக்கு இடத்தைத் தேடுவது எளிது. அதன்பின் விடுமுறை கிடையாது. பத்தடி நீளமும் ஆறடி அகலமும் ஒரு முழ ஆழமும் உள்ள தொட்டி, அல்லது தார்ப்பாய் விரித்த குழி, பழகுவதற்குப் போதும். அதில் ஓரடி உயரத்துக்கு நல்ல நீர் நிரப்பி, சாணத்தைக் கரைத்து வடிகட்டிய நீரையோ சாண எரிவாயுக் கலத்தின் கழிவுக் கரைசலையோ சிறிது விட்டு, இரண்டு நாள் பொறுத்து, சுத்தமான குட்டையிலிருந்து எடுத்த பாசியைப் பரப்ப வேண்டும். நீரில் பாதிப் பரப்பாவது முதலிலேயே மூடியிருந்தால் இழைப்பாசிக்கு வெளிச்சம் கிடைக்காமல் ஒடுங்கும். சிறிது பாசியை இட்டுப் பெருகட்டும் என்று விட்டுவிடுபவர்கள் பெரும்பாலும் இழைப்பாசியையே வளர்க்கிறார்கள்.

நீரின் வெப்பம் 20 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு வரை இருப்பது நன்று. சித்திரை, வைகாசியில் இப்பக்கத்து வெயில் 40 டிகிரியையும் கடப்பதுண்டு. ஆழமில்லாத நீர் கொதிப்பேறிப் பாசி வெளுத்துவிடும். அக்காலத்தில் தொட்டிமேல் தென்னங்கீற்றுப் பந்தல் இட வேண்டும். அத்திமர நிழலில் தொட்டி கட்டினால் என்ன என்று கேட்கத் தோன்றும். நிழல் கிடைக்கும், ஆனால் உதிரும் இலையும் பழமும் நீரை அழுக்குவதோடு, வேரும் தொட்டியைத் தேடி வரும். மண்குளமாயின் அதன் மேற்கே முப்பதடி தள்ளி ஓர் அத்தி நிற்பது மாலை வெயிலைத் தடுக்கும்; விழும் பழத்தை மீனும் உண்ணும்.

காற்று பலமாக அடித்தால் பாசி முழுதும் ஒரு மூலையில் ஒதுங்கி, அங்கே அடுக்கேறி அழுகும். மூங்கிற்கழிகளை மிதக்கவிட்டுப் பரப்பைக் கட்டங்கட்டமாகப் பிரிப்பது இதற்குப் பரிகாரம். இலைகள் வெளுத்து வேர்கள் மிக நீண்டு தொங்கினால் எருச்சத்துப் போதவில்லை என்று அறிக. நீர் நாற்றமெடுத்தால் எரு மிகுந்துவிட்டது; பாதி நீரை இறைத்து வயலுக்கு விட்டுப் புதுநீர் நிரப்ப வேண்டும். அசுவினி சில வேளை தாக்கும். பாசியை நீருக்குள் சற்று அமிழ்த்திக் கலக்கினால் பெரும்பாலும் நீங்கும்.

இனி அள்ளும் அளவு. இரண்டு நாளுக்கொருமுறை பரப்பில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வடிகூடையால் அள்ளி, எஞ்சியதை மறுபடி பரப்பிவிட வேண்டும். அள்ளாமல் சேர்த்து வைப்பது சேமிப்பன்று, நஷ்டமே. மேற்கூறிய சிறு தொட்டியில் எப்போதும் நிற்கும் பாசி மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு தடவை அள்ளக்கூடியது முக்கால் கிலோவே. நாலைந்து வாத்துக்கோ கோழிக்கோ அது துணைத்தீவனம். ஒரு தொட்டியைக் கொண்டு ஒரு பசுவைப் போஷிக்கலாம் என்று சொல்வாரை நம்பலாகாது. ஐந்து சென்ட் குளமாயின் கணக்கு வேறு. அதில் சுமார் நூறு கிலோ பாசி நிற்கும். இரண்டு நாளுக்கொருமுறை 25 முதல் 30 கிலோ கிடைக்கும். இதில் நூற்றுக்கு 92 முதல் 95 பாகம் நீர். உலர்ந்தால் எஞ்சுவது ஒன்றரை முதல் இரண்டு கிலோ. எருவூட்டிய நீரில் வளர்ந்த பாசியின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 25 முதல் 30 பாகம் புரதமெனக் கொண்டால், அது ஏறக்குறைய ஒரு கிலோ கடலைப் பிண்ணாக்கிலுள்ள புரதத்துக்கு ஈடாகும். எருவற்ற தெளிந்த நீரில் வளர்ந்ததில் புரதம் மிகக் குறைவு.

வாத்துக்கு ஈரமாகவே இடலாம். கோழிக்கும் மாட்டுக்கும் அலசி, நீர் வடியவிட்டு, தவிட்டுடன் பிசறிச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். 1959-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட புல்கெண்டை மீன் இதனை மிக ஆவலுடன் உண்ணும். சயாம், லாவோஸ் தேசத்தார் உல்ஃபியாவைக் கீரையாகவே சமைத்துண்கின்றனர். நெல்வயலில் மெல்லியதாகப் படர்ந்த வாத்துப்பாசியால் பயிருக்குப் பெரும் பாதகமில்லை. யூரியா இட்டபின் நீரிலிருந்து தழைச்சத்து ஆவியாய்ப் போவதை அது ஓரளவு தடுக்கவும் செய்யும். நாற்று மிகச் சிறிதாயிருக்கும்போது மட்டும் ஒதுக்கிவிடலாம்.

எந்த நீர்ப் பாசி தீவனமாகும்?

இக்கேள்வியை அம்பத்தூர், ஆவடிப் பக்கத்தார் மற்றெல்லாரினும் அதிகமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். வாத்துப்பாசி நீரிலுள்ள எருச்சத்தை மட்டுமன்றி, காட்மியம், ஈயம் போன்ற உலோக நஞ்சுகளையும் உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். நீரில் நஞ்சு உள்ளதா என்று சோதிக்கவும் இப்பூண்டையே பயன்படுத்துகின்றனர். அதற்கான சர்வதேசச் சோதனை முறை 2006-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. சாக்கடைநீரைப் பாசியாற் சுத்திகரித்து, அப்பாசியை மீனுக்கு இடும் முறை வங்காளதேசத்தில் மிர்ஸாபூர் என்னும் ஊரில் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடத்திக் காட்டப்பட்டது. ஆனால் அங்கே வந்தது வைத்தியசாலை வளாகத்தின் குடியிருப்புக் கழிவுநீர். தொழிற்சாலை நீர் அன்று. அந்த உதாரணத்தை இங்கே அப்படியே கைக்கொள்ள இயலாது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற வழக்காகும். தொழிற்பேட்டையின் வடிகாலோ பட்டறைக் கழிவோ சேரும் ஏரி, குட்டை, கால்வாய் ஆகியவற்றின் பாசியை எந்தப் பிராணிக்கும் இடலாகாது; அதனை எருவாக்கிக் கீரைக்கு இடுவதும் தவறு. அத்தகைய பாசி எத்துணைச் செழிப்பாக இருப்பினும், அச்செழிப்பு நல்ல நீருக்கு அடையாளமன்று. சாக்கடைச் சத்து மிகுந்ததற்கே அடையாளம். ஐயமுள்ள நீரைச் சோதனைச் சாலைக்கு அனுப்பி, உலோகங்களின் அளவைத் தெரிந்துகொண்ட பின்னரே தீவனத்துக்குத் துணிய வேண்டும். தீவனத்துக்கெனக் கொல்லையில் கிணற்றுநீரில் வளர்ப்பதே இப்பிரதேசத்தில் பத்திரமான வழி.

ஏரி முழுதும் பாசி மூடிக்கொண்டால் நீருக்குள் வெளிச்சமும் காற்றும் குறையும். அடியில் அழுகும் பாசி எஞ்சிய பிராணவாயுவையும் தின்னும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நிற்பது அதன் அறிகுறி. வெங்காயத்தாமரையை அகற்றியவுடனே அந்த இடத்தைப் பாசி பிடித்துக்கொள்வதும் உண்டு. வலையால் ஒதுக்கிக் கரையேற்றி, மறுபடி நீரில் சரியாத தூரத்தில் குவிக்க வேண்டும். கழிவுநீர் வரும் வாயை அடைக்காமல் பாசியை மட்டும் வாருவது, ஓட்டைப் பானையில் நீர் இறைப்பதற்கொப்பாகும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

புறம்போக்கில் நிற்கும் பயன்மரங்களுக்கு மரப்பட்டா கொடுக்கப்பட்டிருப்பின் அது கிராமத்தின் 2-சி கணக்கில் காணும். தழை கழிக்கவோ கிளை வெட்டவோ விரும்புகிறவர் அனுமதி பெற்றே செய்யவேண்டும். ஏரிக்கரை மரமாயின் ஏரி யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதையும் அறிதல் வேண்டும். நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய ஏரிகள் பொதுவாக நீர்வளத்துறையையும், அதற்குட்பட்டவை ஊராட்சி ஒன்றியத்தையும் சார்ந்தவை. கரைமேல் முன்னமே வளர்ந்து பருத்த அத்தியைத் திடீரென வெட்டுவது, மேலே கூறியபடி, உளுத்த வேர்த் துவாரங்களுக்கு இடந்தரும். அதனைப் பொறியாளர் பார்வையிட்டு, வெட்டினால் வேரைத் தோண்டியெடுத்துக் களிமண் இட்டுத் திமிசு போட ஏற்பாடு செய்த பின்னரே கை வைக்க வேண்டும்.

பாசிக்கு எந்தக் கணக்கிலும் பத்தி இல்லை. ஆயினும் எந்த மாதத்தில், எந்தக் கால்வாயின் வாயிலிருந்து பாசி முதலில் பரவத் தொடங்குகிறது என்று கிராம நிர்வாக அலுவலர் குறித்து வைத்தால், கழிவுநீர் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதுவே சாட்சியாகும். மழைநீர் மட்டும் சேரும் குட்டையில் பாசி மெதுவாகவும் பரவலாகவும் தோன்றும். சாக்கடை நுழையும் ஏரியில் நுழைவாயிலருகே அடர்த்தியாகத் தொடங்கி, அங்கிருந்து விசிறிபோல் விரியும். கார்த்திகை மழை ஓய்ந்து நீர் அசையாமல் நிற்கும் மார்கழி, தை மாதங்களில் கரைமேல் நின்று பார்த்தால் இவ்வேற்றுமை நன்கு தெரியும்.